கிளட்ச் முட்டி

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் இளவழகன் படியில் நின்றபடி, "வண்டி இருவது நிமிசம் நிக்கும், சாப்புடுறவங்க சாப்புட்டு வந்துருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "வாங்கண்ணே" என்றான். நீ போடா, எனக்குப் பசிக்கவில்லை என்று கையைக் காட்டினேன். பசிக்கிறது. திருச்சியில் வண்டியை எடுக்கும்போது குடித்த காபி எப்போதோ கரைந்துவிட்டது, மோட்டலிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வேறு வந்து வயிற்றைக் கிள்ளுகிறது. ஆனால் இறங்கினால் ஏற முடியாது, அதுதான் விஷயம். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, அந்த ஒற்றைப் படியில் இடது காலை வைத்து ஓர் உந்து உந்தினால் நான் சீட்டில் இருப்பேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் ஏறினேன். அந்த உந்தைப் பார்ப்பதற்கென்றே டிப்போ வாசலில் டீ குடிக்கிறவர்கள் தலையைத் தூக்குவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. இன்று காலையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பயணிகள் ஏறும் வழியாக, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி, பானட்டைச் சுற்றி வந்து உட்கார்ந்தேன். வைரக்கண்ணுவாகிய நான், டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிறவன் மாதிரி ஏறினேன். இங்கே அப்படி ஏறினால் பஸ்ஸே பார்க்கும். காக்கி பேண்டின் மேல் கை வைத்தால் முட்டி சுடுகிறது. இந்தப் பக்கம் கை வைத்தால் என்ஜின் பானட் சுடுகிறது. பானட்டாவது கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும்.

இருபது நிமிஷம் போதும். காலை நீட்டி வைத்தால் வலி இறங்கும், இறங்கியதும் சென்னை வரைக்கும் ஒரே மூச்சு. இந்த ரோட்டில் எனக்குத் தெரியாத பள்ளம் கிடையாது. எங்கே மாடு குறுக்கே வரும், எந்த வளைவில் கரும்பு லாரி ஏறி நிற்கும், எந்தப் பாலத்தில் வண்டி லேசாகத் துள்ளும், எல்லாம் உடம்பிலேயே இருக்கிறது. வைரக்கண்ணு ஓட்டினால் பானட் மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு போகலாம் என்று நானாகச் சொல்லவில்லை, ஒரு தலைமையாசிரியர் பத்துப் பேர் முன்னால் சொன்னார். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. ஒரு சைக்கிள்காரன் என்னைப் பார்த்து வாயைத் திறந்து திட்டியதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது என்ன வேலை என்று கேட்டார்கள், டிரைவர் என்றேன், சர்க்கார் வண்டியா என்றார்கள், ஆமாம் என்றபோது என் குரல் எப்படி இருந்தது என்று என் மனைவி செந்தாமரை இன்றைக்கும் நடித்துக் காட்டிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். ஐம்பது பேர் உயிரைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு போகிறவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டால் என்ன தப்பு? சற்று முன் டோல்கேட்டில் அந்த வெள்ளைக் கார். வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

முதலில் முட்டி வீங்கியபோது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் டிப்போவில் இடது முட்டிக்குத் தனி மரியாதை. கிளட்ச் முட்டி என்போம். சீனியர் டிரைவர் என்றால் ஓய்வறையில் லுங்கியை முட்டிக்கு மேலே வழித்துவிட்டு, தைலத்தை ஊற்றி, அரக்கி அரக்கித் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே புதுப் பையன்களிடம், "இது சும்மா வந்தது இல்ல தம்பி, கிளட்ச்சு வாங்கிக் குடுத்தது" என்று சொல்ல வேண்டும். பட்டாளத்துக்காரன் குண்டடித் தழும்பைக் காட்டுவதுபோல. எனக்கு மட்டும் அது வராமலே இருந்தது ஒரு குறையாக இருந்தது. அதனால் ஒருநாள் காலையில் முட்டி இளநீர்க் காய் அளவுக்குத் திரண்டு நின்றபோது, வந்துவிட்டாயா என்று தடவிக் கொடுத்தேன். நானும் லுங்கியை வழித்தேன். நானும் தைலம் போட்டேன். "அண்ணனுக்கும் வந்துருச்சுய்யா" என்று எல்லோரும் வந்து பார்த்தார்கள். எண்ணெய்க்கட்டு ஒன்றும் போட்டுக்கொண்டேன், கட்டியவர் தொட்டுப் பார்த்துவிட்டு, கிளட்ச் தேய்மானம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். டிரைவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாராவது வீங்கின முட்டியை இப்படிக் கொண்டாடியிருப்பார்களா என்று தெரியவில்லை. குதிகாலும் சேர்ந்து வலித்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கிளட்ச் முட்டி உண்டு, கிளட்ச் குதிகால் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

"ஏண்ணே, நீங்க சாப்புடப் போவலயா?" முன் சீட்டில் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தையோடு. பெரம்பலூரில் ஏறியவள். இவள் இறங்கவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. "பசிக்கலம்மா. நீ?" என்றேன். "இவ இப்பத்தான் அசந்தா. எழுப்புனா பஸ்ஸ ரெண்டாக்கிருவா. தயிர் சாதம் இருக்கு, தரட்டுமாண்ணே?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? இப்போதெல்லாம் வெளிச் சாப்பாடு எதைப் பார்த்தாலும் முட்டிதான் முதலில் ஞாபகம் வருகிறது. "பஸ்ஸுல ஏறுனா இவளுக்கு வாந்திதான் வரும். இன்னிக்கு என்னமோ நீங்க பிரேக் போடுறதே தெரியல, தொட்டில்ல ஆட்டுன மாதிரி தூங்கிட்டா" என்றாள். என் உடம்பு தானாக நிமிர்ந்தது. நிமிர்ந்த அதே நொடியில் உள்ளே எதுவோ குத்தியது. இன்றைக்கு நான் பிரேக் போடாமல் வந்ததற்குக் காரணம் என் திறமை இல்லை, தாயி. பிரேக் போட்டால் கியர் குறைக்க வேண்டும், கியர் குறைக்க கிளட்ச் மிதிக்க வேண்டும். மிதிக்கப் பயந்துகொண்டு அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே காலை எடுத்து எடுத்து, வண்டியைக் கெஞ்சிக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். உன் பிள்ளை தூங்குவது என் வலியின் மேல்தான். இதை அவளிடம் சொல்லவில்லை. "நல்லா தூங்கட்டும்மா" என்றேன்.

மோட்டலின் பக்கவாட்டுக் கதவு இங்கிருந்து தெரிகிறது, பச்சைத் திரை போட்டது. பயணிகளுக்கு முன்வாசல், டிரைவர் கண்டக்டருக்கு அந்த வாசல். வண்டியை இங்கே நிறுத்துகிறோம் இல்லையா, அதற்காக எங்களுக்குத் தனி அறை, தனி இலை, கேட்காமலே வரும் வறுவல். அந்த அறையில் சமையல் மாஸ்டர் என்னைக் கேப்டன் என்று கூப்பிடுவார். இத்தனை டிரைவர்கள் வருகிறார்கள், கேப்டன் பட்டம் எனக்கு மட்டும்தான், விசாரித்துவிட்டேன். முட்டி வீங்குவதற்கு முன்னால் ஒரு நாள், ஏழெட்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நின்று ஒரே கூட்டம். மாஸ்டர் தன் கையாலேயே கோழித் தொடை ஒன்றைக் கொண்டுவந்து இலையில் வைத்து, "கேப்டனுக்கு ஸ்பெஷல்" என்றார். பிய்த்தேன். எலும்பை ஒட்டி உள்ளே இளஞ்சிவப்பாக, நீர் கோத்து இருந்தது. பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். வேகவில்லை மாஸ்டர் என்று சொல்ல வாய் வந்தது. பட்டம் கொடுத்தவரைப் பார்த்து, பத்துப் பேர் நடுவில், சும்மா போடுகிற சாப்பாட்டில் நொட்டை சொல்வதா? சப்பிச் சாப்பிட்டேன். எலும்பைக்கூட விடவில்லை. இளவழகனுக்கு அன்றைக்குக் கிருத்திகை, எதிரே உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தான். அவனை நான் கேலி செய்ததும் ஞாபகம் இருக்கிறது.

ரெண்டு நாள் கழித்து வயிறு பிய்த்துக்கொண்டது. ஜுரம், குளிர், சளியும் ரத்தமுமாகப் போனது. சூடு என்றேன். பானட் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சூடு வராமல் என்ன செய்யும் என்று செந்தாமரைக்கு விளக்கம் வேறு. மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கி, மோரும் ஜவ்வரிசிக் கஞ்சியுமாகக் கிடந்து எழுந்தேன். நின்றுபோயிற்று, மறந்தும் போயிற்று. அப்புறம் ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துக் கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று டிப்போவே என்னைக் கண்டு ஒதுங்கியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன், அதில் நான் நன்றாக இருந்தேன் என்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் குதிகால். அதற்கும் பின்னால் முட்டி. வயிற்றுக்கு ஒரு கடை, கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து, முட்டிக்கு ஒரு எண்ணெய்க்கட்டு. ஒரே டிக்கெட்டில் ஏறிவந்த மூன்று பேரைத் தனித்தனியாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். கண்டக்டராக இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேனோ என்னவோ.

கண்டுபிடித்தது அந்த டாக்டரம்மா. என் மூத்த பெண் வயதுகூட இருக்காது. முட்டியில் ஊசி போட்டு நீரை இழுத்தார்கள், கஞ்சித் தண்ணி நிறத்தில் ஒரு சிரிஞ்சு நிறைய வந்தது. கிளட்ச் முட்டி மேடம் என்று நான் பெருமையாக ஆரம்பித்தால், அந்தப் பெண், "சமீபத்துல வயித்தால போச்சா?" என்கிறது. முட்டிக்கு வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? "இல்ல மேடம், நமக்கு எப்பவும் வீட்டுச் சாப்பாடுதான்" என்றேன். பக்கத்தில் செந்தாமரை. அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? "பொய் சொல்றாரு மேடம். போன மாசம் எந்திரிக்கவே முடியாம கெடந்தாரு. ரத்தமா போச்சு. கண்ணு வேற செவந்துச்சு. கேட்டா சூடு, சூடு." டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த முறை போனபோது உட்கார வைத்துச் சொல்லிற்று. "முட்டி நீர்ல கிருமி எதுவும் இல்லைங்க. கிருமி வந்தது வயித்துல, அது போயும் போயிருச்சு. ஆனா அதை அடிக்கறதுக்குக் கெளம்புன உங்க உடம்போட எதிர்ப்பு சக்தி அடங்கலை. மூட்டுல, கண்ணுல, குதிகால்ல போய் அடிச்சுக்கிட்டிருக்கு. எல்லாருக்கும் இப்படி ஆகாது, சில பேர் உடம்பு வாகு அப்படி." எனக்குச் சட்டென்று புரிந்தது. ஊர்வலத்தைக் கலைக்க வந்த போலீஸ், ஊர்வலம் போன பிறகும் டீக்கடையில் நிற்கிறவனை அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். "அப்ப கிளட்ச்சு?" என்றேன். "கிளட்ச் இதை உண்டாக்கலைங்க. ஆனா இப்ப கிளட்ச் மிதிச்சா மோசமாகும். பெரும்பாலும் சில மாசத்துல சரியாயிரும். அதுவரைக்கும் ஓட்டாதீங்க, சரியா?" சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு இன்றைக்கு வண்டியை எடுத்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் செந்தாமரை, "கெளரவமா கிளட்ச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க, கடைசில பேதி முட்டி" என்றாள். நான் நொண்டிக்கொண்டே முன்னால் போய் ஆட்டோ பிடித்தேன்.

வலி பெரிதில்லை. வலி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. லைட் டூட்டி, அதுதான். ஓட்ட லாயக்கில்லை என்று ஆகிவிட்டால் டிப்போவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். வருகிற வண்டி போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு, டயருக்குக் காற்று இருக்கிறதா என்று தட்டிக்கொண்டு. அப்படி உட்கார்ந்திருக்கிறவர்களை நான் எப்படிப் பார்த்திருக்கிறேன்? என்ன மாமா, ஸ்டூலுக்கு எஃப்.சி. பண்ணியாச்சா என்று கேட்டவன் நான்தானே. சில மாதம் என்றது அந்தப் பெண். சில மாதம் என்று போய் உட்கார்ந்து அப்படியே ரிட்டையர் ஆனவர்களை எனக்குத் தெரியும். என் சீட்டில் வேறொருவன் உட்காருவான், சீட்டைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொள்வான், கண்ணாடியைத் திருப்புவான். பேதியில் விட்ட சீட்டு என்பார்கள். குண்டடி பட்டு விட்டிருந்தால் பேசமாட்டார்கள்.

டோல்கேட். எங்கே சுற்றினாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது, சரி, நினைத்தே விடுகிறேன். முன்னால் வெள்ளைக் கார் நின்றது. பின் கண்ணாடி வழியாக ஒரு கிழவர் தலை தெரிந்தது. நான் நிறுத்த வேண்டும். இடது காலிடம் மிதி என்றேன். மிதிக்கவில்லை. கேட்காத மாதிரி இருந்தது. வலிகூட இல்லை, அந்த முட்டி என்னுடையதே இல்லை என்பதுபோல மடங்க மறுத்துவிட்டது. பிரேக் மட்டும் பிடித்தது, வண்டி லேசாக உதறி, என்ஜின் அணைந்து நின்றது. முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு மறைத்து, காரின் பின்பக்கம் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பக்கத்தில். கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே யாரோ, என்ஜின் ஆஃப் ஆயிருச்சு போல என்றார்கள், அவ்வளவுதான். தொடையைக் கையால் அழுத்தி மிதித்து, மறுபடி கிளப்பி இங்கே வரைக்கும் வந்துவிட்டேன். ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்கிறவன், இன்றைக்கு அடிக்காமல் விட்டது அவனுடைய கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. அடுத்த தடவை? செங்கல்பட்டு தாண்டினால் அடிக்கு அடி கிளட்ச். ஸ்கூட்டர்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். முன் சீட்டில் அந்தப் பெண் குழந்தையின் கால் கொலுசு தூக்கத்தில் லேசாக அசைந்து சத்தம் போடுகிறது. தொட்டிலில் ஆட்டின மாதிரி என்றாளே. எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

"அண்ணே, டீ." இளவழகன் கீழே என் கதவுப் பக்கம் நின்று டம்ளரை நீட்டுகிறான். நீட்டியவன் போகவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, "டோல்கேட்ல கால் வேலை செய்யலதானேண்ணே?" என்கிறான். இவனுக்கு எப்படித் தெரியும்? எட்டு வருஷமாக என் பின்னால் நின்றுகொண்டு வருகிறவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். நான் டீயை வாங்கிக்கொண்டேன். அவன் குரலை இறக்கினான். "ஒண்ணு பண்ணுவோம்ணே. கிளட்ச் பிளேட் போச்சுன்னு சொல்லிருவோம். பிரேக்டவுன். ஆளுங்கள பின்னாடி வர்ற வண்டில ஏத்தி விட்டுர்றேன். உங்க முட்டியப் பத்தி ஒரு பேச்சு வராது. நாளைக்கு லீவப் போட்டுட்டுப் படுங்க." நல்ல பையன். ஆசையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள், நான் கேப்டனாகவே வீட்டுக்குப் போகலாம். காலைத் தூக்கி பெடல் மேல் வைத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்குகிற பெடல். ரெண்டு மாதம் முன்னால் பிளேட் மாற்றியபோது ஃபிட்டர் பக்கத்திலேயே நின்று, சரியாக வந்த பிறகுதான் சாப்பிடப் போனேன். இந்த வண்டி மேலேயா பழி போடுவது? முட்டி வீங்கியபோதும் கிளட்ச் மேல் போட்டேன். இப்போதும் கிளட்ச் மேலேயேவா? அது என்னடா பாவம் செய்தது. எனக்குக் கோபம்கூட வந்தது, இளவழகன் மேல் இல்லை. செல்போனை எடுத்து டிப்போவுக்குப் போட்டேன். "வைரக்கண்ணு பேசுறேன். பக்கத்து டிப்போவுலேர்ந்து மாத்து டிரைவர் ஒருத்தர அனுப்புங்க. வண்டி நல்லாருக்கு. எனக்குத்தான் முட்டி வேலை செய்யல. ஆமா, லைட் டூட்டிதான், எழுதிக்குங்க." போனை வைத்துவிட்டு இளவழகன் பக்கம் திரும்பினேன். "கிளட்ச் முட்டி இல்லடா இது. கோழி முட்டி. நீ கிருத்திகையால தப்பிச்ச" என்றேன்.

என் கதவு வழியாகவே இறங்கினேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, வலது காலை முதலில் விட்டு, இடது காலைப் பின்னால் இழுத்து. எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்ன கேப்டன், இன்னிக்கு சாப்புடலயா?" என்றார். "கோழிய எலும்பு வரைக்கும் வேக வைங்க மாஸ்டர், அன்னிக்கு உள்ள செவப்பா இருந்துச்சு" என்றேன், பத்துப் பேர் நடுவில், அன்றைக்கு வராத குரலில். மாஸ்டர் முகம் சுருங்கிப்போயிற்று, பட்டமும் அதோடு போயிருக்கும். பயணிகள் பல் குத்திக்கொண்டும் தண்ணீர் பாட்டிலோடும் வந்து கூடிவிட்டார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கைப்பெட்டியோடு ஒருவர் முன்னால் வந்து, "என்ன டிரைவர், வண்டி புட்டுக்கிச்சா? கவர்மெண்ட் வண்டின்னாலே இதான்யா" என்றார். நான் வண்டியின் முன்பக்கம் ஒரு கையை வைத்து, நல்ல காலில் நிமிர்ந்து நின்றேன். சீட்டில் இருக்கும்போதுகூட இவ்வளவு நிமிர்ந்திருக்க மாட்டேன். "வண்டிய ஒண்ணும் சொல்லாதீங்க சார். இது நடுவழில ஒரு நாளும் நின்னதில்ல. இன்னிக்கும் நிக்கல. நான் நிறுத்தியிருக்கேன்."